பால்காரர் மாஹான் சிங்கமான வகை

குல்ரூத் ஊரில் பால்காரர் மாஹான் இறந்து நாற்பத்தொரு வருஷம் கழித்து, ஒரு கோடைகாலத்துப் புதன்கிழமையன்று, அவர் சிங்கமாகியிருந்தார். அவருடைய சொந்தப் பேரன் நூஷ்சாதுக்கே இது தெரியாது. அவனுக்கு அன்று வேறு வேலை இருந்தது. விடியற்காலையில் அவன் அப்பா பர்சீன் இறந்துபோனார்.

பர்சீனும் பால்காரர்தான். நூஷ்சாதும் பால்காரன்தான். மலைச்சரிவில் ஆடுகள், கழுதையின் இரண்டு பக்கமும் தொங்கும் தோல்பைகள், ஊருக்குள் இருபத்தெட்டு வாடிக்கை வீடுகள் என்று மூன்று தலைமுறை ஓடியிருந்தது. பர்சீன் சாகும்போது ஆட்டைப் பற்றியோ வீட்டைப் பற்றியோ பேசவில்லை. "என்னை எங்கப்பன் காலடியில போட்டுடு" என்றார். அதற்கு ஒரு காரணம் உண்டு. பாலில் தண்ணீர் கலப்பது பற்றி அப்பாவும் மகனும் ஒரு நாள் வாய்ச்சண்டை போட்டார்கள். பர்சீன் கோபித்துக்கொண்டு ஆடுகளோடு மலையேறிவிட்டார். நான்கு நாள் கழித்து இறங்கி வந்தபோது மாஹானைப் புதைத்தே முடித்திருந்தார்கள். அந்த நான்கு நாளை நாற்பத்தொரு வருஷமாக அவர் வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தார்.

உடலைக் குளிப்பாட்டிக் கஃபன் துணி சுற்றித் தொழுகையும் முடித்து, அண்டைவீட்டார் நான்கு பேர் தோள் கொடுக்க, நூஷ்சாத் இடுகாடான மையவாடிக்கு வந்து சேர்ந்தான். தாத்தாவின் கபுர்க் குழியைச் சுற்றி இடுப்புயரத்துக்குப் புதுச்சுவர் நின்றது. பக்கத்தில் ஒரு சைப்ரஸ் மரம், ஆயிரம் வருஷத்து மரம் மாதிரி. முந்தாநாள் வரை அங்கே மரம் கிடையாது. மரத்தடி மண் ஈரமாக இருந்தது. சுவருக்கு வெளியே ஈட்டியோடு ரூஸ்பேஹ் நின்றான். அவன் வீடும் இருபத்தெட்டு வீட்டில் ஒன்று.

"அண்ணே, இங்க தோண்டக் கூடாது. உத்தரவு."

"இது எங்க தாத்தா இடம்ப்பா. உங்க வீட்டுக்கு அவர்தானே பால் ஊத்தினார்."

"மெல்லப் பேசுங்க. இப்ப அவர் பால் ஊத்தல. அமீரோட பாட்டனார் அவரு. சிங்கம் மாஹான். கல்லுலயே போட்டிருக்கு பாருங்க."

கல்லில் போட்டிருந்தது உண்மைதான். நாற்பத்தொரு வருஷத்துக்கு முன் 'மாஹான், பால் விற்பவர்' என்று எழுதச் சொன்னதற்கு, கல்தச்சன் இடம் போதவில்லை என்று 'விற்பவரை' விட்டுவிட்டான். பாரசீகத்தில் பாலுக்கும் சிங்கத்துக்கும் எழுத்து ஒன்றே. வாயால் சொல்லும்போது பால் என்றால் ஷீர், சிங்கம் என்றால் ஷேர். ஆனால் கல்லுக்கு வாய் கிடையாது. 'மாஹான், பால்' என்று இத்தனை வருஷம் எல்லோரும் படித்த கல்லை, அமீரின் வம்சாவளித் திவான், அதாவது குலவரலாறு எழுதும் அலுவலகம், போன மாதம் வந்து 'மாஹான், சிங்கம்' என்று படித்துவிட்டுப் போயிருந்தது.

அமீர் பீரூசான் மாஹானின் பேரன் என்பதில் பொய் எதுவும் இல்லை. மாஹானின் மூத்த மகன் தோல்பையைக் கீழே போட்டுவிட்டுப் படையில் சேர்ந்தவர். அந்த மூத்தவரின் மகன்தான் பீரூசான். எட்டு வருஷத்துக்கு முன் குல்ரூத் கோட்டைக் காவலில் இருந்தபோது, முற்றுகையிட்டவர்களுக்குக் கதவை உள்ளேயிருந்து திறந்துவிட்டு, அவர்கள் உள்ளே வந்து களைத்துத் தூங்கிய சமயம் அவர்களையும் முடித்துவிட்டு அமீரானார். ஆக, முறைப்படி அவர் நூஷ்சாதுக்குப் பெரியப்பா மகன், அண்ணன். தெருவில் எல்லோருக்கும் இது தெரியும். தெரியும் என்பதால்தான் யாரும் சொல்லுவதில்லை.

வெள்ளிக்கிழமையன்று பாக்தாதிலிருந்து கலீஃபாவின் தூதர் வருகிறார். அங்கியும் கொடியும் ஒரு பட்டமும் கொண்டுவருகிறார். வந்ததும், அமீர் யார், எந்தக் குடி என்று கேட்பார். கோட்டைக் கதவை உள்ளேயிருந்து திறந்தவர் என்று அதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆகவே வெள்ளிக்கிழமைக்குள் ஒரு வரலாறு முடிந்தாக வேண்டும்.

திவானில் போய் ஒரு சீட்டு வாங்கி வந்தால் தனக்கு ஒன்றும் இல்லை, தானே மண்வெட்டி பிடிக்கிறேன் என்றான் ரூஸ்பேஹ். பாடையை மரநிழலில் இறக்கி வைத்துவிட்டு நூஷ்சாத் திவானுக்கு ஓடினான். உச்சிவேளைக்குள் திரும்பிவிடலாம் என்று நினைத்தான்.

வம்சாவளித் திவானுக்கு இரண்டு வாசல். இடப்பக்கம் அஜம், அதாவது பாரசீகப் பகுதி. அங்கே அமீர் பழைய பாரசீகப் பேரரசர்களின் ரத்தம் என்று நிறுவுவார்கள். வலப்பக்கம் அரபுப் பகுதி. அங்கே அதே அமீர் ஆதிமுதல் பிசகாத முஸ்லிம் என்று நிறுவுவார்கள். நடுவில் ஒரு சுவர், சுவரில் ஒரு சின்னச் சன்னல், அதன் வழியாக மைக்கூடு மட்டும் போய்வரும். ஒரு பகுதி எழுதுவதை மறுபகுதி படிக்கக் கூடாது என்பது விதி. படித்தால் வேலை நடக்காது.

அஜம் பகுதியின் தலைவர் தெஹ்கான் ஆசாத்பேஹ். பழைய நிலக்கிழார் குடும்பம், நிலம் போய் மீசை மட்டும் தங்கியவர். அவருக்குப் பின்னால் சுவரை அடைத்து ஒரு தோல்சுருள் தொங்கியது. உச்சியில் காட்டுக்கழுதை வேட்டைக்குப் பேர்போன பேரரசர் பஹ்ராம், அடியில் அமீர் பீரூசானும் அவர் அப்பாவும், நடுவே முப்பத்தேழு தலைமுறை. அதில் முப்பத்தாறு பேரை அவர் சிரமமில்லாமல் கண்டுபிடித்துவிட்டார். ஒவ்வொருவருக்கும் குதிரையின் பெயர் வரைக்கும் இருந்தது. அந்த முப்பத்தேழில் உண்மையிலேயே பூமியில் நடமாடிய ஒரே ஆள் மாஹான்தான். அவரைப் பற்றித்தான் ஒரு விவரமும் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தார்.

எனவே நூஷ்சாதைப் பார்த்ததும் அவர் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். தாத்தாவைப் பற்றி உள்ளது உள்ளபடி சொன்னால் போதும், சீட்டு கையோடு கிடைக்கும் என்றார். நூஷ்சாத் நம்பினான். உள்ளதைச் சொல்வதில் என்ன கஷ்டம்?

மாஹானிடம் எத்தனை குதிரை இருந்தது என்று கேட்டார். ஒரு கழுதை இருந்தது என்றான் நூஷ்சாத். பேரரசர் பஹ்ராமின் காட்டுக்கழுதையை வேட்டையாடாமல் பழக்கி ஏறிய ஒரே வழித்தோன்றல் என்று எழுதிக்கொண்டார். கேடயம் உண்டா? இல்லை, இரண்டு பக்கமும் தோல்பை உண்டு. இரட்டைத் தோல்கேடயம். போருக்கு எப்போது கிளம்புவார்? போர் இல்லை, சூரியன் உதிப்பதற்கு முன்பே ஊருக்குள் இறங்குவார், அவர் குரல் கேட்டால் இருபத்தெட்டு வீட்டுக் கதவும் திறக்கும். தெஹ்கானின் கண் கலங்கிவிட்டது. குரல் கேட்ட அளவில் இருபத்தெட்டு கோட்டைகள் கதவு திறந்தன என்று அதை அவர் சிவப்பு மையில் எழுதினார்.

"குறைன்னு ஏதாவது உண்டா? மறைக்காம சொல்லு. குறையே இல்லாத ராஜாவை எவனும் நம்பமாட்டான்."

நூஷ்சாத் தயங்கினான். பிறகு, தாத்தா பாலில் தண்ணீர் கலப்பார் என்றும், அப்பாவுக்கும் அவருக்கும் அதில்தான் தகராறு என்றும் சொன்னான். பிரிந்து ஓடிய இரண்டு ஆறுகளை ஒன்று சேர்த்துப் பாசனம் தந்தவர், அதனால் சொந்த மகனே பகைத்தும் அஞ்சாதவர் என்று எழுதி மணல் தூவினார் தெஹ்கான்.

அரபுப் பகுதியில் நீதிபதியான காதி அபூ ஹாரிஸ் உட்கார்ந்திருந்தார். மெலிந்த மனிதர், கோடையிலும் ஜலதோஷம். அவருக்குக் கதை வேண்டாம், சங்கிலி வேண்டும். ஒரு செய்தி என்றால் அதை யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார், அந்த ஆள் யாரிடம் கேட்டார் என்று கண்ணி கண்ணியாகப் பின்னோக்கிப் போக வேண்டும். ஒரு கண்ணி அறுந்தாலும் செய்தி செல்லாது. தெஹ்கானிடம் இருப்பவர்கள் முப்பத்தாறு பேரும் செத்தவர்கள். இங்கே ஒரு பேரன் உயிரோடு வந்து நிற்கிறான். நூஷ்சாத் சொன்னார், தம் தந்தை பர்சீன் சொல்லக் கேட்டார், பர்சீன் மாஹான் சொல்லக் கேட்டார். காதி இதை எழுதிப் பார்த்து, எழுத்தின் மேல் கையை வைத்துத் தடவிக்கொடுத்தார்.

தாத்தா தொழுகைக்குப் போவாரா என்று கேட்டார். விடியல் தொழுகை முடிந்து வருகிறவர்களுக்கு விற்பதற்காகப் பள்ளிவாசல் வாசலில் நிற்பார் என்றான் நூஷ்சாத். நாற்பது வருஷம் ஒரு நாள்கூட விடியல் தொழுகையில் பள்ளிவாசலை விட்டு விலகாதவர் என்று பதிவாயிற்று. அதற்கடுத்த கேள்வியில்தான் சிக்கல் வந்தது. மாஹான் ஒரு நபித்தோழரின் கையைப் பற்றி இஸ்லாத்தில் சேர்ந்தார் என்று முதல் அத்தியாயத்தில் ஏற்கனவே எழுதியாகிவிட்டது. நபித்தோழர்கள் காலம் போய் முந்நூறு வருஷம் ஆகிறது.

"அவர் அறுபத்திரண்டு வயசுல போய்ச் சேர்ந்தாருங்க" என்றான் நூஷ்சாத்.

"முந்நூத்தி அறுபத்திரண்டு" என்றார் காதி, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "நீ பொறக்கறதுக்கு முன்னாடியே முந்நூறும் போயிருச்சு. அது உனக்கு எப்படி ஞாபகம் இருக்கும்?"

இரண்டு பகுதியும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தன. இனித் தலைமை எழுத்தர் குவாஜா மஹாசினின் முத்திரை மட்டும் வேண்டும். குவாஜா நாளைதான் வருவார்.

நூஷ்சாத் மையவாடிக்குத் திரும்பியபோது மரநிழலில் பாடை இல்லை. அண்டைவீட்டார் நால்வரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். பர்சீன் இப்போது சாட்சிச் சங்கிலியில் ஒரு கண்ணி ஆகிவிட்டதால், விசாரணை முடியும் வரை அவர் திவானுக்குச் சேர்ந்த ஆதாரம். ஆதாரம் வெயிலில் கெடக் கூடாது. ஆகவே அதை அரண்மனைப் பனிக்கிடங்குக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

மாஹ்குல் அங்கே முன்பே போய் உட்கார்ந்திருந்தாள். நூஷ்சாதின் மனைவி. ஆட்டையும் ஆளையும் ஒரே குரலில் அதட்டுகிறவள். குளிர்காலத்தில் வெட்டி வைத்த பனிக்கட்டிகளுக்கு நடுவே, தூதரின் விருந்துக்கு வந்த முலாம்பழங்களுக்கும் பர்சீனுக்கும் பக்கத்தில் பக்கத்தில் இடம் கொடுத்திருந்தார்கள். இரண்டின் மேலும் ஒரே மாதிரி சீட்டு ஒட்டியிருந்தது. சீட்டு மாறிப்போனால் என்ன ஆகும் என்று கிடங்குக் காவலனை அவள் கேட்டாளாம். அவன் சிரிக்கவில்லை. அவனுக்கும் அந்தக் கவலை இருந்தது.

"மூணு வேளை தொழுகை போயிருச்சு, மண்ணு விழல. மனுஷனைப் பழத்தோட வச்சிருக்கானுங்க" என்றாள். "நாளைக்கு அந்த மஹாசினைப் பாத்து ஒரே வார்த்தை கேளு. சீட்டுக் குடுக்கறியா இல்லையான்னு. தாத்தா கதை எல்லாம் பேசாதே. உனக்கு வாய் கொஞ்சம் நீளம்."

வியாழக்கிழமை காலை நூஷ்சாத் உள்ளே போனபோது குவாஜா மஹாசின் எழுந்து நின்றார். நூஷ்சாத் பின்னால் திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை.

குவாஜா மூன்று அமீர்களிடம் வேலை பார்த்தவர். முந்தைய இருவருக்கும் அவரே வம்சம் தேடிக் கொடுத்திருந்தார். இரண்டும் இதே பேரரசர் பஹ்ராமிடம்தான் போய் முடிந்தன. தோல்சுருள்கூட அதேதான், அடியில் உள்ள பெயரை மட்டும் கத்தியால் சுரண்டியிருந்தார்கள். இரண்டு பகுதியும் எழுதியதைச் சேர்த்துப் படிக்கிற அதிகாரம் ஊரில் அவர் ஒருவருக்குத்தான். அஜம் பகுதியோ, மாஹானின் குடி எந்த அரபுப் படைக்கும் பணியவில்லை என்கிறது. அரபுப் பகுதியோ, வாள் உயருமுன்பே மாஹான் மார்க்கத்தைத் தழுவினார் என்கிறது. நேற்று இரவெல்லாம் யோசித்து இதைத் தீர்த்துவிட்டதாகச் சொன்னார். மாஹான் வாளை உருவிக்கொண்டு அரபுப் படையை நோக்கிக் குதிரையை விரட்டுகிறார். பாதி வழியில் உண்மை விளங்கிவிடுகிறது. குதிரை நிற்காமல் ஓடிப் படையைத் தாண்டிப் போய்விடுகிறது. அவர் பணியவும் இல்லை, போரிடவும் இல்லை.

"தாங்கள் உட்காருங்கள்" என்றார்.

நேற்று 'நீ'. இன்று 'தாங்கள்'. மரியாதை ஏற ஏற நூஷ்சாத் வாசல் பக்கமாக ஓரடி நகர்ந்தான். மாஹ்குல் சொல்லிக்கொடுத்தபடி, சீட்டு கொடுப்பீர்களா மாட்டீர்களா என்று ஒரே வார்த்தை கேட்டான்.

குவாஜா பெருமூச்சு விட்டார். அவர் கொடியவர் இல்லை. ஊரில் யாரும் அவர் குரலை உயர்த்திக் கேட்டதில்லை.

"பாருங்க இளவரசே. ஊரைப் பிடிக்கறதுக்கு வாள் போதும். நானே பாத்திருக்கேன், ஒரு ராத்திரி வேலை. ஆனா பிடிச்சவன் மறுநாள் காலைல எழுந்து உட்காரணும்னா ஒரு தாத்தா வேணும். பாக்தாத் காகிதம் குடுக்கும், பழைய ராஜாக்கள் ரத்தம் குடுப்பாங்க. ரெண்டையும் தைக்கற ஊசி நான். நான் பொய் எழுதறதா சொல்றாங்க. நான் ஒரு பொய்யும் எழுதினதில்ல. யார் ஜெயிச்சாங்களோ அவங்களுக்கு என்ன உண்மையா இருந்திருக்கணுமோ அதைத்தான் எழுதறேன். இந்த முப்பது வருஷத்துல தோத்தவன் ஒருத்தன்கூட என்கிட்ட வந்து தப்புன்னு சொன்னதில்ல."

பிறகு விஷயத்துக்கு வந்தார். நூஷ்சாத் மாஹானின் பேரன் என்பது நேற்று இரண்டு பகுதியிலும் பதிவாகிவிட்டது. மாஹான் பஹ்ராமின் வழி. ஆகவே நூஷ்சாதும் பஹ்ராமின் வழி, ஆண்வாரிசு, அரியணைக்கு உரிமையுள்ளவன். அப்படிப்பட்டவர்களை என்ன செய்வது என்பதில் ஐயமே இல்லை. அரசன் அங்கக் குறை இல்லாதவனாக இருக்க வேண்டும் என்று அஜம் நூல்கள் சொல்கின்றன. ஆள்பவனுக்குக் கண் தெரிய வேண்டும் என்று அரபு நூல்களும் சொல்கின்றன. இத்தனை வருஷத்தில் இரண்டு பகுதியும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். அமீரின் தாய்மாமன் மகன்கள் இருவருக்கும் ஏற்கனவே கண்ணில் சூடான கம்பி வைத்தாயிற்று. அவர்களுக்கு அரியணையில் உரிமைகூட இல்லை. முன்னெச்சரிக்கை, அவ்வளவுதான்.

"எனக்கு அரியணை வேண்டாமுங்க. எங்கப்பாவைப் புதைக்கணும்."

"வேண்டாங்கறதுதான் பெரிய ஆபத்து இளவரசே. வேணும்னு சொல்றவனை எல்லாருக்கும் தெரியும்."

ஒரு வழி இருந்தது. பர்சீன் மாஹானின் மகனே இல்லை, பள்ளிவாசல் படியில் கிடந்த அநாதைக் குழந்தை என்று எழுதிக் கைரேகை வைத்துவிட்டால், நூஷ்சாத் பால்காரன், வீட்டுக்குப் போகலாம். பர்சீனை ஊருக்கு வெளியே, வழிப்போக்கர்களைப் போடும் பள்ளத்தில் போட்டுவிடுவார்கள். சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும்.

மாஹ்குல் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. ஆடு மேய்க்கக் கண் வேண்டும், கழுதையோட்டக் கண் வேண்டும், செத்தவருக்கு எல்லா மண்ணும் ஒன்றுதான் என்றாள்.  நூஷ்சாத் கிடங்குக்குள் போய்ப் பனிக்கட்டிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றான். வெளியே வந்து, "நீ சொல்றது சரிதான்" என்றான். அவன் குரல் அவனுக்கே வேறு யாரோ பேசுவது மாதிரி இருந்தது.

இருவரும் அரபுப் பகுதிக்குப் போனார்கள். என் தகப்பன் மாஹானுக்குப் பிறந்தவர் அல்ல என்று நூஷ்சாத் சொன்னான். சொல்லும்போது தரையைப் பார்த்தான். காதி அபூ ஹாரிஸ் பேனாவைத் தொடவே இல்லை.

"முடியாது."

"முடியாதுன்னா?" என்றாள் மாஹ்குல்.

"பர்சீன் மகன் இல்லன்னா சங்கிலி அறுந்துபோச்சு. மாஹான் அத்தியாயம் மொத்தமும் இவன் வாயைத்தான் நம்பி நிக்குது. அதுமட்டும் இல்ல, பெத்த தகப்பனையே இல்லன்னு சொல்றவன் பொய்யன். பொய்யன் சாட்சி செல்லாது. நேத்துச் சொன்னதும் செல்லாது, இன்னிக்குச் சொல்றதும் செல்லாது. தூதர் நாளைக்கு வர்றார். நான் எங்கே போய் இன்னொரு பேரனைத் தேடறது?"

"அப்ப பேரன்னே வச்சுக்குங்க. கண்ணை விட்டுடுங்க."

"பேரனா இருந்தா அது என் பகுதி இல்லம்மா" என்றார் காதி, வருத்தத்தோடு. "பக்கத்து வாசல்."

பக்கத்து வாசலில் தெஹ்கான் ஆசாத்பேஹும் அதையேதான் சொன்னார். முப்பத்தேழாவது கட்டத்தில் வர்ணம் பூசியாகிவிட்டது. மாஹானின் காலடியில் இளைய மகனையும் வரைந்து, தலையில் சின்னதாக ஒரு கிரீடமும் வைத்தாயிற்று. அதைக் காட்டினார். பர்சீனின் முகம் நன்றாகவே இருந்தது, ஆனால் யாருடைய முகமோ. தோல் விலை அதிகம், சுரண்டினால் கிழிந்துவிடும் என்றார்.

குவாஜா எல்லாவற்றையும் கேட்டு முடிவெழுதினார். இளவரசர் பர்சீன் வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பின், தூதர் முன்னிலையில், சிங்கம் மாஹானின் காலடியில் அரச மரியாதையோடு அடக்கம் செய்யப்படுவார். இளவரசர் நூஷ்சாத் தம் கையால் தந்தையைக் கபுரில் இறக்குவார். அதன்பின் மற்றது. "நீங்க கேட்டது கிடைச்சிருக்கு" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே உதவிவிட்டதாக நினைத்தார்.

அன்று சாயங்காலம் நூஷ்சாதின் வீட்டு வாசலில் காவலுக்குப் போட்டவன் ரூஸ்பேஹ்தான். அவன் ஈட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, தனக்கு ஒரு நாழிகை வயிற்றுவலி வரும் என்றும், அந்த நேரத்தில் மலைப்பாதையை யாரும் பார்க்கமாட்டார்கள் என்றும் சொன்னான். மாஹ்குல் கழுதையைக் கட்டிலிருந்து அவிழ்த்தாள். ரொட்டியையும் வாதுமைக் கொட்டையையும் துணியில் முடிந்தாள். மலைக்கு அப்பால் அவள் தம்பி வீடு.

"ஏறு" என்றாள்.

"நான் போயிட்டா அவரை யாரு இறக்குவா?"

"கபுர் வெட்டறவன் இறக்குவான்."

"இறக்கமாட்டாங்க மாஹ்குல். நான் இல்லன்னா நாளைக்குச் சடங்கே இல்ல. விருந்து முடிஞ்சா பனிக்கட்டியை உடைச்சுச் சர்பத்துல போடுவாங்க. அப்பா அங்கேயே கிடப்பாரு. அவர் அப்பனைப் புதைக்கறப்ப அவர் மலைமேல இருந்தார். அதைச் சொல்லிச் சொல்லியே செத்தாரு. நானும் மலையேறணுமா?"

"அவரு செத்துட்டாருய்யா. உனக்கு முப்பத்தெட்டு வயசு."

அவன் கழுதையின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றான். அவள் முடிச்சை அவிழ்க்கவில்லை, அவனைத் திட்டவும் இல்லை. ஒரு நாழிகை கழிந்ததும் ரூஸ்பேஹ் வயிற்றைப் பிடித்தபடி திரும்பி வந்தான். வாசலில் நூஷ்சாத் இருப்பதைப் பார்த்துவிட்டு, ஈட்டியை எடுக்காமல் சுவரோரம் உட்கார்ந்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை நூஷ்சாதுக்குப் பட்டு அங்கி போட்டார்கள். பாக்தாத் தூதர் வந்தார். தடித்த மனிதர், பயணக் களைப்பு. அமீருக்கு 'ஆட்சியின் தூண், மார்க்கத்தின் கேடயம், இரண்டு நன்மைகளுக்கு உரியவர்' என்று பட்டம் படிக்கப்பட்டது. முலாம்பழம் பரிமாறினார்கள். வரலாறு வாசிக்கப்பட்டது. முந்நூற்று அறுபத்திரண்டு வயது வந்ததும் தூதர் ஒரு கணம் பழத்தை மெல்லுவதை நிறுத்தினார். காதி சங்கிலியைச் சொன்னார். தூதர் நூஷ்சாதைப் பார்த்தார், தலையை அசைத்தார், மறுபடி மென்றார். போன வருஷம் வேறோர் ஊரில் அவர் நானூறு வயது என்றே சொல்லக் கேட்டிருந்தார்.

மையவாடியில் ஊரே கூடியிருந்தது. அந்த இருபத்தெட்டு வீட்டாரும் வந்திருந்தார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. நூஷ்சாத் கபுருக்குள் இறங்கினான். அப்பாவின் உடம்பு பனியில் விறைத்து, தொட்டால் கல் மாதிரி இருந்தது. வலப்பக்கமாக, தொழுகைத் திசையான கிப்லாவைப் பார்த்துப் படுக்க வைத்தான். முகத்துணியின் முடிச்சை அவிழ்த்துக் கன்னத்தை மண்ணில் சேர்த்தான்.

அப்போது மேலேயிருந்து யாரோ குனிந்தார்கள். அமீர் பீரூசான். எட்டு வருஷத்தில் அவர் தம்பியிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"அந்த முட்டிவலி கடைசி வரைக்கும் இருந்துச்சா?" என்று அமீர் மெல்லக் கேட்டார்.

"இருந்துச்சு. படி ஏறவே முடியல."

"சித்தப்பா எண்ணெய் போட்டுக்கவே மாட்டாரே. வீச்சம்னு திட்டுவாரு."

குவாஜா மஹாசின் இருமினார். அமீர் நிமிர்ந்தார். தூதர் பக்கம் திரும்பியபோது அவர் முகம் மறுபடியும் காசில் அச்சிட்ட முகமாகிவிட்டது.

நூஷ்சாத் மேலே ஏறவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். புருவத்தில் ஒட்டியிருந்த பனி உருகி மண்ணில் சொட்டியது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது, ஏதோ சொல்ல வந்து மறந்த மாதிரி. இடது காதோரம் ஆடு முட்டிய பழைய தழும்பு. நேரமாகிறது என்றார்கள். "இன்னும் கொஞ்ச நேரம்" என்றான் அவன். குவாஜா கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார். தூதரின் குதிரைக்குச் சேணம் பூட்டி முடிக்கும் வரை அவனுக்கு நேரம் கொடுத்தார். பிறகு பலகை வைத்து மண் தள்ளினார்கள். பிறகு நூஷ்சாதைக் கோட்டைக்குள் கூட்டிப்போனார்கள். வேலை தெரிந்த ஆள் என்றும், அதிக நேரம் ஆகவில்லை என்றும் சொன்னார்கள்.

குளிர்காலம் தொடங்கியபோது வரலாற்றின் படிகள் பள்ளிவாசலுக்கும் சந்தைக்கும் வந்தன. மாஹ்குலுக்குப் படிக்கத் தெரியாது. அவள் திவானுக்குப் போய், தன் வீட்டுக்காரரைப் பற்றி என்ன போட்டிருக்கிறது என்று கேட்டாள். ஒரு இளைய எழுத்தர் தேடி எடுத்துப் படித்துக் காட்டினார். 'இவ்வாண்டில் இளவரசர் நூஷ்சாத், தந்தையின் பிரிவால் உலகக் காட்சிகளில் பற்றொழிந்து, தாமே மனமுவந்து அவற்றிலிருந்து கண்களை விலக்கிக்கொண்டார்.'

"அவ்வளவுதானா?"

அவ்வளவுதான் என்றார் எழுத்தர்.

"இன்னொண்ணு சேர்த்துக்குங்க. அவர் கடைசியாப் பார்த்தது அவங்கப்பா முகத்தைத்தான். வேற எதையும் பாக்கல. கோட்டைக்குக் கூட்டிட்டுப் போறப்ப வழி பூரா கண்ணை மூடிக்கிட்டுத்தான் நடந்தாராம். வேற எதுவும் உள்ள வந்துடக் கூடாதுன்னு."

எழுத்தர் நல்லவர். பேனாவை மையில் தொட்டுவிட்டு, இதை யார் சொன்னது என்று கேட்டார்.

"அவர்தான் சொன்னாரு. நான் காதால கேட்டேன்."

வேறு யாராவது கேட்டார்களா என்று எழுத்தர் கேட்டார். வேறு யாரும் இல்லை, வீட்டில் தாங்கள் இரண்டு பேர்தான் என்றாள்.

ஒற்றைச் சாட்சி என்பதால் அது சேர்க்கப்படவில்லை.